காட்டுக்குள் ஒரு பதினெட்டாம் பெருக்கு

என் வீட்டுக்காரர் என்னைச் சந்தேகப் பிராணி என்பார். சொல்லிவிட்டுப் போகட்டும். பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்ப்பேன். ஆட்டோக்காரர் தெரியாத சந்தில் திரும்பினால், "பையா, இதர் கிதர்?" என்று அதட்டுவேன். இத்தனை வருஷம் டெல்லியில் குடும்பம் நடத்தியவள் வேறு எப்படி இருப்பாள்? அந்தச் சந்தேகம் மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு என் நெற்றியில் பொட்டு இருந்திருக்குமோ என்னவோ.

மயூர் விஹாரில் எங்கள் அடுக்குமாடியில் கீழ் வீட்டுக்காரரும் தமிழர்தான். அவரும் சர்க்கார் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன கையோடு, உடம்பெல்லாம் பாக்கெட் வைத்த பேன்ட், மடக்குக் கம்பு, கழுத்தில் கயிறு கட்டிய தொப்பி என்று வாங்கி மாட்டிக்கொண்டார். லிஃப்டில் பார்த்தால் போதும், இமயமலையில் அந்தச் சிகரம், இந்தக் கணவாய் என்று ஆரம்பித்துவிடுவார். என் வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். நான் ஷூவைப் பார்ப்பேன். மலை ஏறின மனுஷனுடைய ஷூ அடியில் ஒரு பொட்டு மண் இருக்காதா? வாங்கின அன்று இருந்த மாதிரியே இருந்தது. அப்போதே எனக்கு உறுத்தியது. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பொறாமை" என்றார். எனக்கு எதற்கு ஐயா அந்தத் தொப்பி மேல் பொறாமை!

நான் காவேரிக்கரைக்காரி, குளித்தலைப் பக்கம். ஆடிப் பதினெட்டுக்கு ஆற்றில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் விட்டு, புது மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு, கரையில் உட்கார்ந்து கலந்த சாதம் சாப்பிடுவோம். டெல்லியில் யமுனையை நம்பி இறங்க முடியுமா? நுரை மிதக்கும். அதனால் பால்கனியில் ஒரு பக்கெட் தண்ணீர்தான் எனக்குக் காவேரி. இது தெரிந்து கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வந்தார்.

"மேடம், பக்கெட்டெல்லாம் எதுக்கு? தெற்கு டெல்லி காட்டுக்குள்ள கல்லும் மண்ணும் வெட்டி எடுத்த பழைய குழிங்க இருக்கு. மழைத் தண்ணி நிறைஞ்சு நீலமா, அசல் காவேரி மாதிரி இருக்கும். நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஆடியில காவேரி என்னைக்கு சார் நீலமா இருந்துச்சு? செங்காவி நிறத்துலல்ல வரும்?" என்றேன்.

"அச்சா, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்" என்று சிரித்தார். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போச்சு? என் வீட்டுக்காரருக்குப் போயிருந்தது. "காட்டுல என்ன இருக்குங்கற? அங்க பூரா சீமைக்கருவேலம். எங்க ஊர் முள்ளு. நான் அதுக்குள்ளதான் மாடு தேடி வளர்ந்தேன்" என்றார். அவர் பரமக்குடிப் பக்கம். கருவேல மரத்தைப் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி ஆகிவிடுவார். பார்த்த மரம் என்றால் தெரிந்த இடம் என்று அவருக்கு நினைப்பு.

எனக்கு வேறு கவலை இருந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. காலையில் இன்சுலின் ஊசி போட்டால் கையோடு சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆளைச் சாய்த்துவிடும். ஒரு தடவை வீட்டிலேயே அப்படி ஆகி, நான் பட்ட பாடு நாய் படாது. அதிலிருந்து என் கைப்பையில் குளுக்கோஸ் பிஸ்கட் இல்லாமல் வாசல் தாண்ட மாட்டேன்.

பதினெட்டாம் பெருக்கு அன்று காலை புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர்சாதம் என்று நான் அடுப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஹாட்பாக்ஸில் இட்லி வைத்திருந்தேன். கீழே ஹார்ன் அடித்தது. "ஜல்தி, ஜல்தி!" என்று சத்தம். காரில் ஏறினதும் கேட்டேன்.

"இட்லி சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு."

ஒரு தடவை சொன்னால் நம்பலாம். இரண்டு தடவை சொன்னால் எனக்கு உடனே சந்தேகம் வரும். கிளம்பும்போது ஸிங்க்கைப் பார்த்தது ஞாபகம் வந்தது. அவர் சாப்பிடுகிற தட்டு அலமாரியில் காய்ந்துபோய் நின்றுகொண்டிருந்தது. "தட்டு நனையவே இல்லையே?" என்றேன். "ஆரம்பிச்சுட்டா" என்று முன் சீட்டில் சொல்லிச் சிரித்தார். கீழ் வீட்டுக்காரரும் சிரித்தார். அவர் மனைவி மட்டும் என் பக்கத்தில் சிரிக்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அதையும் நான் கவனித்தேன்.

காட்டுக்கு வாசல் என்று ஒன்று இல்லை. இடிந்த சுவரில் ஒரு சந்து. பக்கத்திலேயே உள்ளே போகக் கூடாது என்று ஹிந்தியில் பெரிய போர்டு. "அது குடிச்சிட்டு நீச்சலடிக்க வர்ற பசங்களுக்கு மேடம்" என்றார் கீழ் வீட்டுக்காரர். தலைவர் கடைசியில்தான் வர வேண்டுமாம், அதுதான் ட்ரெக்கிங் முறையாம். போனில் எங்கள் முதுகைப் படம் எடுத்துக்கொண்டே பின்னால் வந்தார். என் வீட்டுக்காரர் முன்னால். அவருக்கு முள்ளு தெரியும் அல்லவா!

உள்ளே நுழைந்து இரண்டு திருப்பம் திரும்பினதுமே எனக்குத் திசை குழம்பிவிட்டது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மரம், ஒரே புதர், ஒரே செம்மண். ஆட்டுத்தடம் நாலா பக்கமும் பிரிகிறது. கழுத்துக்கும் கைக்கும் கட்ட மஞ்சள் தடவின நூல்கண்டு ஒன்று கொண்டுவந்திருந்தேன். அதில் முழம் முழமாகப் பிய்த்து, திருப்பத்துக்குத் திருப்பம் முள்ளுக்கொம்பில் கட்டிக்கொண்டே போனேன். நூலைக் கையில் எடுத்தால் என் கைக்கு மூன்று முடிச்சுதான் வரும். "வேண்டுதலா மேடம்?" என்று பின்னாலிருந்து கேட்டார். "ஆமாம்" என்றேன். எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்ல வேண்டுமா என்ன?

குழி வந்தது. தண்ணீர் நீலம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் கரை கிடையாது. செங்குத்தாக மண் சரிந்து நேராகத் தண்ணீருக்குள் போகிறது. படித்துறை இல்லை, கால் வைக்க மேடு இல்லை. ஒரு கல்லை உருட்டிவிட்டேன். கூடவே கரையிலிருந்து ஒரு பிடி மண்ணும் சரிந்து போய் விழுந்தது. "ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க? யாரும் இறங்கக் கூடாது" என்றேன். படைப்பதற்கு வைத்திருந்த காப்பரிசி, அரிசியும் வெல்லமும் எள்ளும் கலந்தது, சின்னத் துணியில் என் இடுப்பில் முடிந்திருந்தது. அதை அவிழ்க்கவே இல்லை.

"சுத்திப் போனா சரிவா ஒரு இடம் இருக்கு. வீடி..." என்று ஆரம்பித்து, "விசாரிச்சிருக்கேன்" என்று முடித்தார். இந்தத் தடவை அவரே முன்னால் நடந்தார். நான் நூல் கட்டுவதை நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம்தான் குரங்குகள். ஒரு படையே இருந்தது. "காட்டுக் குரங்கு மேடம், மனுஷனைக் கண்டா கூச்சப்படும்" என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, சாப்பாட்டுப் பை போயிற்று. அடுத்து என் கைப்பை. பிஸ்கட், எங்கள் இருவர் போன், தண்ணீர், எல்லாம் மரத்துக்கு மேல். கூச்சமாவது மண்ணாங்கட்டியாவது! இது ஊருக்குள் பிடித்து இங்கே கொண்டுவந்து விட்ட குரங்கு. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் இருந்தபோது என் வடாம் துணியை மொட்டைமாடியில் காலி பண்ணினவையே இதில் நாலைந்து இருக்கும். ஜிப்பைத் திறந்த லாவகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது.

பல்லைக் காட்டிக்கொண்டு துரத்தின, ஓடினோம். நின்று பார்த்தபோது குழியையும் காணோம், நூலையும் காணோம். கீழ் வீட்டுக்காரர் போனை எடுத்தார். வழியெல்லாம் படம் எடுத்ததில் அது செத்துப் போயிருந்தது. "சூரியனை வச்சு திசை கண்டுபிடிக்கலாம்" என்று வானத்தைப் பார்த்தார். ஆடி மாசம். வானம் முழுக்க ஒரே மேகம். கத்திப் பார்த்தோம். மயில்தான் பதிலுக்குக் கத்தியது.

அப்போதுதான் அவர் மனைவி வாயைத் திறந்தாள். "அக்கா, என் போன் கார்ல இருக்கு. இன்னொண்ணும் சொல்லிடறேன். இவர் இதுக்கு முன்னால இங்க வந்ததே இல்ல. மலைக்கும் போனதில்ல. எல்லாம் வீடியோவுல பார்த்ததுதான்."

பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை! எனக்கு வந்த கோபத்துக்கு அவர் தொப்பியை முள்ளில் மாட்டியிருப்பேன். அதற்குள் என் வீட்டுக்காரர் ஒரு கருவேல மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். எல்லாருக்கும்தான் வியர்வை. ஆனால் இவர் கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. விரல் நடுங்கியது.

"நிஜத்தைச் சொல்லுங்க. இட்லி சாப்பிட்டீங்களா?"

"படையல் முடிஞ்சு அங்க போய்ச் சாப்பிட்டுக்கலாம்னு..."

"ஊசி?"

"போட்டேன்."

எனக்கு உலகமே நின்றுபோயிற்று. பிஸ்கட் குரங்கு வயிற்றில். இவர் உயிர் எந்த நிமிஷத்திலும் என் கையைவிட்டு நழுவலாம். கைத்தாங்கலாக எழுப்பி நடத்தினோம். கொஞ்ச தூரத்தில் ஒரு மஞ்சள் நூலைப் பார்த்தேன். ஐயோ, அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! அதைப் பிடித்து அடுத்தது, அதற்கடுத்தது என்று குழிக்கு வந்தோம். இனி வந்த வழியே சுவருக்குப் போய்விடலாம். ஆனால் குழியைத் தாண்டினால் நூல் இல்லை. ஒன்றுகூட இல்லை. கட்டினது நான். இந்தக் கையால் கட்டினேன். எங்கே போகும்?

குரங்கு என்று நினைத்தேன். குரங்கு எடுத்தால் ஒன்றிரண்டை எடுக்கும், ஒன்று விடாமலா எடுக்கும்? திரும்பிக் கீழ் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அத்தனை பாக்கெட்டில் ஒரு பாக்கெட்டிலிருந்து மஞ்சளாக ஒரு நுனி எட்டிப் பார்த்தது.

"சார், அது என்ன?"

"இது... மேடம், காட்டுல எதையும் விட்டுட்டுப் போகக் கூடாது. அதுதான் ட்ரெக்கிங்ல முதல் ரூல். அதான் பின்னாலயே..."

கைநிறைய எடுத்துக் காட்டினார். என் நூல் அத்தனையும். நான் வாயால் சொன்னதை இங்கே எழுத முடியாது. குளித்தலைச் சந்தையில்கூட அப்படிப் பேச மாட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் கால் மடங்கி உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார். "பரமக்குடி பஸ் போயிருச்சா?"

சிரிப்பு வரவில்லை. எதிரே நின்ற கருவேல மரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். ஊர் முள்ளு அவரை ஊருக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அப்போது என் கை இடுப்புக்குப் போயிற்று. காப்பரிசி! படைக்காமல் வாயில் போடக் கூடாது, பிள்ளைகள் கேட்டால்கூடத் தர மாட்டார்கள். போட்டேன். வெல்லத்தைப் பொறுக்கிப் பொறுக்கி அவர் நாக்கில் வைத்தேன். "காவேரித்தாயே, உனக்கு அடுத்த வருஷம். இவருக்கு இப்ப" என்று வாய்விட்டே சொன்னேன். பாதி துப்பினார். தாடையைப் பிடித்து மறுபடி வைத்தேன். அழுதுகொண்டேதான் வைத்தேன், அதில் என்ன வெட்கம்? மெல்ல மெல்லச் சப்பினார். எவ்வளவு நேரம் என்று யாருக்குத் தெரியும்? கடைசியில், "எள்ளு பல்லுல மாட்டுது" என்றார். அந்த ஒரு குறையைக் கேட்டுத்தான் எனக்கு மூச்சு வந்தது.

இருந்த வெல்லம் அவ்வளவுதான். அது தீர்வதற்குள் வெளியே போக வேண்டும். பாக்கெட்டிலிருந்து வந்த நூலை வாங்கிப் பார்த்தேன். எல்லாம் வெறும் வால். முடிச்சு ஒன்றில்கூட இல்லை. மூன்று முடிச்சை அவிழ்க்கப் பொறுமை இருந்தால்தானே? முள்ளுக்குப் பயந்து வாலைப் பிடித்து இழுத்து அறுத்திருக்கிறார்.

"முடிச்சு கொம்புலயேதான் இருக்கும். தேடுங்க" என்றேன்.

நாலு பேரும் குனிந்து முள்ளுக்குள் முகத்தை விட்டுத் தேடினோம். பயறு அளவுக்கு மஞ்சளாக ஒன்று இருந்தது. ஒன்று கிடைத்த இடத்தில் ஒருவர் நின்றுகொள்ள, மற்றவர்கள் அடுத்ததைத் தேடினோம். கன்னம், கை எல்லாம் கீறல். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்த என் வீட்டுக்காரர்தான், "அந்தா ஒண்ணு" என்று அதிகம் கண்டுபிடித்தார். அந்த முள்ளு அவருக்குத் தெரிந்ததுதான், வழிதான் தெரியாது. சுவர்ச் சந்தைப் பார்த்ததும் கீழ் வீட்டுக்காரர் மனைவி என்னைக் கட்டிக்கொண்டாள். ரோட்டோரக் கடையில் என் வீட்டுக்காரருக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்து, அவர் கடைசிச் சொட்டுவரை குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

கீழ் வீட்டுக்காரர் திருந்தினார் என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலமே எங்கள் அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் நீலத் தண்ணீர் படமும் "அருமையான பயணம்" என்ற வரியும் வந்தன. தீபாவளி கழிந்து, 'அடுத்தது உத்தராகண்ட், யார் வருகிறீர்கள்?' என்று ஒரு செய்தி. என் வீட்டுக்காரர் புதுப் போனை வைத்துக்கொண்டு வெகுநேரம் என்னவோ தட்டினார். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிடுவாரோ என்று பின்னால் போய் நின்று எட்டிப் பார்த்தேன்.

'என் மனைவி முன்னால் நடந்தால் வருகிறேன். அவள் வரமாட்டாள்' என்று எழுதியிருந்தார்.

"யாரைக் கேட்டு எழுதினீங்க?" என்றேன். அவர் திரும்பவில்லை.

"இட்லி சாப்பிட்டாச்சு" என்றார், நான் கேட்காமலே.

சமையலறைக்குப் போய்த் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். ஈரமாக இருந்தது. சும்மா நனைத்து வைத்திருப்பாரோ என்று மோந்தும் பார்த்தேன். சட்னி வாசனை இருந்தது.