தொந்தரவு

மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. உடம்பில் அடிக்கடி குப்பென்று ஏறும் அனலைக்கூடச் சமாளித்துவிட்டேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஆபீஸில் என் தலைக்கு மேல் சுற்றும் ஃபேனைக் குறைக்க யாரையும் விடமாட்டேன். சமாளிக்க முடியாதது வேறு. கணவரோடு சேரும்போது பிளேடு பட்ட இடம் மாதிரி எரிந்தது. ஒருநாள் வலி தாங்காமல் கத்திவிட்டேன். மனுஷன் பயந்துபோய், "ஒனக்கு வலிக்குதுல்ல, வேணாம் விடு" என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போனவர்தான், திரும்பவே இல்லை. நல்ல மனுஷர். அந்த நல்ல குணத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பழங்காநத்தத்தில் பக்கத்துத் தெருவிலிருக்கும் மதினியிடம், என் அண்ணன் மனைவியிடம்தான், மெல்லச் சொன்னேன். வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"ஒங்க வீட்டு அண்ணே இன்னுமா தொந்தரவு பண்றாக? மகளைக் கட்டிக் குடுத்தாச்சு. இனி இதெல்லாம் எதுக்கு?"

எனக்கு ஐம்பத்தொன்று. அறுபது வயது ஆம்பளைக்கு ஆசை இருந்தால் 'இன்னும் தெம்பா இருக்காரு' என்பார்கள். எனக்கு இருந்தால் மட்டும் வாயில் கை வைக்க வேண்டுமா?

காளவாசலில் ஒரு பெண் டாக்டரிடம் போனேன். என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். நான் சொன்னதை எழுதிக்கொண்டே தலை நிமிராமல் கேட்டார்.

"சார் ரொம்பத் தொந்தரவு பண்றாராம்மா? அவரைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன்."

இங்கேயும் அதே வார்த்தை. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அவரு ஒரு தொந்தரவும் பண்ணலை. பாவம், ஹால்ல படுத்துக் கெடக்காரு. ஆசை எனக்குத்தான். எனக்கு வேணும். அதுக்குத்தான் மருந்து கேட்டு வந்திருக்கேன்."

கதவோரம் நின்ற நர்ஸுக்கு இருமல் வந்தது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்து, முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஸாரிம்மா" என்றார். பிறகு மார்பில் கட்டி ஏதும் வந்ததா, நின்ற பிறகு ரத்தம் பட்டதா என்று ஒழுங்காக விசாரித்தார். பரிசோதித்தார். ஹார்மோன் குறைந்ததால் அந்த இடம் உலர்ந்து மெலிந்துபோயிருக்கிறது என்றார். உள்ளே தடவிக்கொள்ள ஹார்மோன் க்ரீம் எழுதித் தந்தார். உடனே கேட்காது, சில வாரம் ஆகும் என்றும் சொன்னார்.

மருந்துக்கடைக்காரர் அதை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, அக்கம்பக்கம் பார்த்து நீட்டினார். பேப்பரையும் பையையும் அவரிடமே கொடுத்துவிட்டு, டியூபைக் கையில் பிடித்தபடி பஸ் ஏறினேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கறிக்குழம்புச் சாப்பாடு முடிந்து அவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலையணையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

"என்ன, தலகாணியத் தூக்கிட்டுப் போற?"

"ஒங்களைத் தொந்தரவு பண்ணப் போறேன். எந்திரிச்சு வாங்க."

பேப்பரைக்கூட மடிக்காமல் வந்தார்.