அடிபம்பு ஓரம் ஒரு மெழுகுவத்தி

சங்கராபுரத்துக்கு வெளியே பஸ் பஞ்சராகி நிற்க, இறங்கி நிற்கிறேன். இன்று கல்லறைத் திருநாள். சாலையோரக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு அக்கா தன் வீட்டுக்காரர் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றுகிறார். என் போனில் ஓடும் செய்தி அவர் காதிலும் விழுகிறது: உலகப் போரில் காணாமல்போன நீர்மூழ்கிக் கப்பல் கடலடியில் கிடைத்திருக்கிறது.

“உள்ள இருந்தவங்கள இன்னா பண்ணுவாங்க?”

“வெளிய எடுக்க மாட்டாங்களாம்க்கா. அந்தக் கப்பலே அவங்களுக்குக் கல்லறையாம்.”

“அப்ப இன்னிக்கு அங்க யாரு வத்தி ஏத்துவாங்க?”

மிச்சமிருக்கும் ஒரு மெழுகுவத்தியோடு அக்கா சுற்றிலும் பார்க்கிறார். தோட்டத்தில் தண்ணீர் இருக்கும் ஒரே இடம் வாசல் அடிபம்புதான். அதன் மேடையில் ஏற்றி வைத்து ஜெபிக்கிறார்.

குடத்தோடு வரும் பெண் யாருக்கென்று கேட்கிறாள்.

“கடல்ல கெடக்கறவங்களுக்கும்மா.”

அவள் தண்ணீர் சுடர்மேல் தெறிக்காமல் பம்பை மெதுவாக அடிக்கிறாள்.