மைனஸ் இருபதுக்கு ஒரு குல்லா

அமலநாதன் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, காலுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்து, "அடுத்த திங்கக்கிழமையிலேருந்து என்னைக் குளிர் ரூம்ல போட்டுட்டாங்க" என்றார்.

நியாயப்படி டொரத்தி ஓர் 'ஐயோ' சொல்லியிருக்க வேண்டும். இருபத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள்; எந்தச் செய்திக்கு எவ்வளவு நீள 'ஐயோ' என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் வாயில் வந்தது வேறு.

"எத்தனை டிகிரிங்க?"

"மைனஸ் இருபது."

"மைனஸ் இருபதா!"

நாலு நம்பர் லாட்டரி விழுந்தவள் மாதிரி இருந்தது அந்தக் குரல். அமலநாதன் நிமிர்ந்து பார்த்தார். பாசிர் கூடாங் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிடங்கில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். இத்தனை நாள் வெளி முற்றத்தில், வெயிலில். இனி உறைந்த கோழிப் பெட்டிகளுக்கும் மீன் பெட்டிகளுக்கும் நடுவில். ஐம்பத்துநாலு வயதில் இப்படி மாற்றிவிட்டார்களே என்று அவர் நொந்து வந்திருக்க, பெண்டாட்டியின் முகத்தில் தேர்த் திருவிழா.

"உனக்கு என்னடி இவ்வளவு சந்தோசம்?"

"சந்தோசம்லாம் இல்லைங்க. கவலையாத்தான் இருக்கு" என்றாள் டொரத்தி. கண் மட்டும் அலமாரிப் பக்கம் போய்விட்டது.

அலமாரியின் மேல்தட்டில் அவளுடைய நூல் இருந்தது. மாசாயில், வருடம் முழுக்க முதுகில் சட்டை ஒட்டும் ஊரில், டொரத்தி பதினொரு வருடமாகக் கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். யாரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கொரியாக்காரப் பெண் ஒருத்தியின் வீடியோவைச் சத்தத்தை நிறுத்திவிட்டு, விரலை மட்டும் பார்த்துப் பார்த்துப் படித்தது. காலையில் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமையல்; ஒரு மணிக்கு வீடு; குளித்துச் சாப்பிட்டு இரண்டு மணிக்கு ஊசியை எடுத்தால் ஐந்து வரைக்கும் அவளை யாரும் கூப்பிடக் கூடாது. அவள் பின்னிய சால்வைகளை வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் "அழகா இருக்கு" என்றார்கள். எல்லாரும் அதைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் போட்டார்கள். ரெங்கத்தில் இருக்கும் நாத்தனார் புருஷன் ஐயாசாமிக்கு ஆசையாய் ஒரு கழுத்துத்துணி பின்னிக் கொடுத்தாள். அடுத்த முறை போனபோது அது அவருடைய மோட்டார் சைக்கிள் இருக்கையில் சுற்றிக் கிடந்தது. "நல்ல மெத்துன்னு இருக்கு தங்கச்சி" என்று வேறு சொன்னார்.

அதனால்தான் அந்தச் சந்தோஷம். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக அவள் வீட்டுக்குள் குளிர் வந்திருக்கிறது.

"கம்பெனில என்னென்ன குடுக்குறாங்க?"

"ஜாக்கெட், பூட்ஸ், கையுறை. அப்புறம் ஜாக்கெட்டோட ஒட்டுன தொப்பி. அதைப் போட்டா ரிவர்ஸ் எடுக்கும்போது பக்கத்துல தெரியாது. அதனால எல்லாரும் அதைப் பின்னால தள்ளிட்டுத்தான் ஓட்டுறாங்க. காது போயிடுதுங்கறாங்க."

"நான் பின்னித் தரேன். கழுத்துலேருந்து உச்சி வரைக்கும் ஒரே குல்லாவா. கண்ணு, மூக்கு மட்டும் வெளிய."

"அலமாக்! கொள்ளைக்காரன் மாதிரியா?"

"காது வேணுமா, வேணாமா?"

அமலநாதன் யோசித்தார். அவர் இதுவரை அவள் பின்னிய எதையும் உடம்பில் போட்டதில்லை. "சரி, ஒப்பந்தம் லா. திங்கக்கிழமை ஒருநாள் போடுறேன். வேலைக்கு ஆவலன்னா, அதுக்கப்புறம் என் தலையை நீ திரும்பிப் பாக்கக் கூடாது."

"எட்டு மணி நேரமும் போடணும். வாசல்ல போட்டுட்டு உள்ள கழட்டக் கூடாது."

"எட்டு மணி நேரமும்."

செவ்வாய்க்கிழமை மாலை அது. கையில் இருந்தது ஐந்து மதியம்.

நல்ல கம்பளி அவளிடம் இருந்தது. தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் மகள் ஜோஆன் இரண்டு வருடத்துக்கு முன் வாங்கி வந்த மூன்று உருண்டைகள், மாம்பழ மஞ்சள், சுத்தமான ஆட்டு ரோமம். மற்றதெல்லாம் பருத்தி கலந்தது. ஈரம் பட்டால் கனத்துப்போகும். இந்த மூன்றையும் டொரத்தி எடுப்பாள், முகர்வாள், திரும்ப வைப்பாள். அதற்கேற்ற காரியம் வரவில்லை. இப்போது வந்துவிட்டது. உறையைக் கிழித்தாள்.

புதன்கிழமை, தோசை தின்றுகொண்டிருந்தவரின் தலையில் நாடாவைச் சுற்றினாள். "அசையாதீங்க." "சட்னி சிந்துது." "சிந்தட்டும்." அளவை நோட்டில் எழுதி, ஹாலில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, உள்ளங்கையளவு மாதிரித் துண்டு ஒன்று பின்னிப் பார்த்தாள். ஐந்து சென்டிமீட்டருக்குப் பதினொரு கண்ணி. கணக்குப் போட்டு, இரண்டு முனையையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசியில் நூற்றுப் பன்னிரண்டு கண்ணி ஏற்றினாள். வியாழக்கிழமை முடிவதற்குள் கழுத்து முழுக்க ஏறிவிட்டது. இரண்டு மேடு, இரண்டு பள்ளம் என்று வரிவரியாக, கெட்டியாக. விரலால் குத்திப் பார்த்தாள், உள்ளே போகவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டுத் தேன்மொழி வந்து பார்த்தாள். அவள் ஒற்றைக் கொக்கி ஊசிக்காரி. கோயில் விளக்கு வைக்கும் விரிப்பு, வாசல் தோரணம், கைப்பை, இப்படி. இரட்டை ஊசிக்காரர்கள் வீணாய்ச் சிரமப்படுகிறார்கள் என்பது அவள் கட்சி.

"அக்கா, இதை என்கிட்ட குடுத்திருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பேன்."

"முடிச்சிருப்ப. ஓட்டை ஓட்டையா. அதை வச்சு டீ வடிகட்டலாம்."

"பொறாமை" என்றாள் தேன்மொழி. போகவில்லை, உட்கார்ந்து கடைசிவரை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை குளிர் ரூமுக்கு முந்திய டாக்டர் பரிசோதனை முடிந்து அமலநாதன் பன்னிரண்டரைக்கே வந்து, படுக்கையறையில் ஏர்கோனைச் சில்லென்று போட்டுப் படுத்துவிட்டார். டொரத்தியும் ஊசியோடு கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். அப்பா, என்ன சுகம்! நூல் கையில் வழுக்கிக்கொண்டு ஓடியது. சனிக்கிழமையும் அங்கேயேதான். தாடைக்கு மேல் ஏறி, முகத்துக்கு வாசல் விட்டு, காதைத் தாண்டி, உச்சிக்குக் கண்ணி குறைத்து, நான்கரை மணிக்கு நூலை அறுத்தாள்.

"எல்லாரும் வாங்க!"

ஜோஆன் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தேன்மொழியைக் கூப்பிட வேண்டியதே இல்லை, வேலியோரத்தில்தான் நின்றாள். அமலநாதன் தலையை நுழைத்தார். கழுத்து கச்சிதமாகப் பிடித்தது. தலைப்பகுதி பொதபொதவென்று சரிந்து, கண்ணை மூடி, மூக்கில் வந்து நின்றது.

"ரூம்ல குளிரே இல்ல" என்றார் உள்ளே இருந்து. "வெளிச்சமும் இல்ல."

ஜோஆன் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "மா, பலாப்பழத்துக்கு உறை போட்ட மாதிரி இருக்கு!"

டொரத்திக்குச் சிரிப்பு வரவில்லை. இதோடு அந்த மனிதர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது. ஒப்பந்தம் ஒருநாள்தான், அந்த ஒருநாளில் குல்லா வாசலிலேயே கழற்றப்பட்டால், அவள் பின்னல் மறுபடி தொலைக்காட்சிப் பெட்டிமேல்தான்.

"எண்ணுறதுல விட்டுட்டீங்கக்கா" என்றாள் தேன்மொழி.

எண்ணினாள். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினாள். அதே. ஊசி அதே ஊசி, நூல் அதே நூல், கை அதே கை. நாடாவைக் கழுத்தில் வைத்தாள்: ஐந்து சென்டிமீட்டருக்குப் பதினொன்று. தலையில் வைத்தாள்: ஒன்பதரை.

"ஏர்கோன்!" என்று கத்தினாள்.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஹால்ல வேர்த்துச்சு. வேர்த்த விரல்ல நூல் ஒட்டி ஒட்டித்தான் போகும், தானா இறுகும். ரூம்ல கை காஞ்சு கெடந்துச்சு. சர்ருன்னு ஓடிருச்சு, தளர்ந்துருச்சு. கழுத்து மாசாய், தலை கேமரன் மலை!"

கெட்டுப்போன வேலைக்கு இவ்வளவு குதூகலமாக ஒருத்தி காரணம் சொல்லி அமலநாதன் கேட்டதில்லை.

"மேல கண்ணியைக் குறைச்சு இறுக்கிடுங்களேன்" என்றாள் தேன்மொழி. அது மோசமான யோசனை இல்லை. டொரத்தி விளக்கை நோக்கிக் குல்லாவை விரித்துக் காட்டினாள். தலைப்பகுதியில் வெளிச்சம் ஊசி ஊசியாகத் தெரிந்தது. "அளவு சரியாகும். ஆனா இந்த ஓட்டை வழியா மைனஸ் இருபது உள்ள வந்துடும். அடர்த்தி வேணும், தேனு. வேர்வை வேணும்."

உட்கார்ந்தவள் தலைப்பகுதி முழுவதையும் தாடைவரை பிரித்துப்போட்டாள். இரண்டு நாள் வேலை ஐந்து நிமிடத்தில் சுருள் சுருளாய் மடியில் விழுந்தது. பிறகு அதை உருண்டையாகச் சுற்றி வைத்துவிட்டு, மாலைத் திருப்பலிக்கு ஓடினாள். ஞாயிறு காலையைக் காலியாக வைத்துக்கொள்ள அதுதான் வழி. கோயிலில் முழங்கால் போட்டபோது அவள் கேட்டது ஒன்றே ஒன்று: நாளைக்கு நல்ல வெயில்.

ஞாயிறு விடிந்தபோது மழை. சாதாரண மழையில்லை, எதிர்வீடு தெரியாத மழை. ஹாலில் மின்விசிறி இல்லாமலேயே குளுகுளுவென்று இருந்தது. டொரத்தி பத்து வரிசை பின்னினாள், நாடாவை வைத்தாள். பத்தேகால். பிரித்தாள். சன்னலை எல்லாம் மூடினாள். பத்தரை. பிரித்தாள்.

அடுப்படியிலிருந்து அமலநாதன் குரல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி அவர் பொறுப்பு. "பெரிய சட்டியை எங்க வச்ச?"

டொரத்தி எழுந்து போனாள். அடுப்படியில் கறி ஆவி பறந்துகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடியில் நீர் வடிந்தது. அவர் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. அவள் ஒரு கணம் நின்று பார்த்தாள். அப்புறம் நாற்காலியை இழுத்து வந்து அடுப்புக்கு இரண்டடியில் போட்டாள்.

"என்னடி செய்யுற?"

"மூடியத் திறந்து வைங்க. இன்னொரு அடுப்புல தண்ணி கொதிக்க வைங்க."

"எதுக்கு?"

"எனக்கு!"

பத்து நிமிடத்தில் நெற்றியிலிருந்து வியர்வை வடிந்தது. விரல் பிசுபிசுத்தது. பின்னினாள், அளந்தாள். பதினொன்று! "வந்துருச்சு! வந்துருச்சு! நெருப்பக் கொறைக்காதீங்க!"

அதன்பிறகு மத்தியானம் வரைக்கும் அந்த அடுப்படியில் நடந்ததை ஜோஆன் படம்பிடித்துத் தோழிகளுக்கு அனுப்பினாள். அப்பா கறியை வதக்குகிறார், அம்மா ஆவிக்குள் உட்கார்ந்து கம்பளி பின்னுகிறாள், இருவரும் பேசிக்கொள்ளாமல் அவரவர் வேலையில். "ஊரெல்லாம் குளிருக்குப் பயந்து பின்னுது மா. நீ ஒருத்திதான் வேர்த்து ஊத்திப் பின்னுற."

"சும்மா நிக்காம என் கழுத்தைத் துடை. நூல்ல சொட்டுது."

தேன்மொழி குடையோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, கறி வெந்துருச்சா, அக்கா வெந்துட்டாங்களா?" என்றாள். இருந்தாலும் சுருண்டிருந்த நூலை நீவி நீவிக் கொடுத்தது அவள்தான். கறியைத் தின்றுவிட்டு, வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டுத் தொடர்ந்தார்கள். ஐந்தே முக்காலுக்கு உச்சி மூடியது. அமலநாதன் போட்டார். கழுத்தும் பிடித்தது, தலையும் பிடித்தது. கண் தெரிந்தது. இப்படி, அப்படித் திரும்பிப் பார்த்தார்.

"அளவு சரி" என்றார். "இங்க சரியா இருக்குறதுல என்ன இருக்கு? நாளைக்குப் பாப்போம்."

திங்கட்கிழமை சிற்றுண்டிச்சாலையில் டொரத்தி மீகூன் சேமியாச் சட்டியில் உப்பை இரண்டு தடவை போட்டாள். வீட்டுக்கு வந்து ஊசியை எடுக்கவில்லை. துணி மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். பன்னிரண்டு மணி ஓய்வுக்கு அவர் ஒரு செய்தி அனுப்பியிருக்கலாம். மூன்று மணித் தேநீருக்காவது. அனுப்பவில்லை. அனுப்புகிற ஆளும் இல்லை. ஒருவேளை பத்து மணிக்கே கழற்றிப் பைக்குள் போட்டிருப்பாரோ? கழற்றியிருந்தால் சொல்லவும் கூச்சப்படுவார். நான்கு மணிக்கு மேல் அவள் வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள்.

ஐந்து ஐம்பதுக்கு மோட்டார் சத்தம். அமலநாதன் உள்ளே வந்து, தலைக்கவசத்தை வைத்து, பைக்குள்ளிருந்து குல்லாவை எடுத்து அவளிடம் நீட்டினார். ஈரமாக, கனமாக இருந்தது.

டொரத்தி அவர் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்தாள்.

"இதுல மூணு கோளாறு இருக்கு" என்றார்.

"சொல்லுங்க."

"வாய்க்கு மேல வருது பாரு, அங்க மூச்சு பட்டு ஐஸ் கட்டுது. மீசையோட ஒட்டிக்கிச்சு. சுகுமாறன்தான் சுடுதண்ணி ஊத்தி எடுத்துவிட்டான்." சுகுமாறன் அவருடைய மேற்பார்வையாளர். "ரெண்டாவது, நெத்திகிட்ட ஒரு விரல் மேல ஏறணும். உயர அடுக்கைப் பாக்கத் தலையத் தூக்குறப்ப இடிக்குது. மூணாவது, கழுத்து இன்னும் நீளம் வேணும். கழுத்துலேருந்து ஜாக்கெட்டுக்குள்ள விட்டா வெளிய வந்துடுது. ரெண்டு மணிக்கு மேல அதுதான் தொல்லை."

டொரத்தி நோட்டைத் தேடி எடுத்து எழுதினாள். மீசை, நெற்றி, கழுத்து. பதினொரு வருடத்தில் அவள் பின்னலைப் பற்றி யாரும் இத்தனை வாக்கியம் பேசியதில்லை. எழுதும்போதுதான் அது உறைத்தது. பேனாவை நிறுத்தினாள்.

"ரெண்டு மணிக்கு மேலயா? அப்ப... ரெண்டு மணிக்கும் போட்டிருந்தீங்களா?"

"பின்ன? சாப்பாட்டு நேரம் தவிர கழட்டல. காது இருக்கு, பாரு." அவர் காதை இழுத்துக் காட்டினார். "ஆனா ஒண்ணு பத்தாது. இது விடியறதுக்குள்ள காயாது. மாத்தி மாத்திப் போட ரெண்டாவது வேணும். புதன்கிழமைக்குள்ள முடியுமா?"

டொரத்தி அதற்குள் ஜோஆனைக் கைப்பேசியில் பிடித்துவிட்டாள்.

"எங்க இருக்க?"

"உட்லண்ட்ஸ் செக்பாயிண்ட்ல மா, வீட்டுக்கு வர்ற பஸ் கியூல. இன்னிக்கு அதோட வால் படியிறங்கிக் கீழ வரைக்கும் நீளுது. எனக்கு முன்னாடி இன்னும் ஆறு பேருதான். அப்பா என்ன சொன்னாரு? போட்டாரா?"

"கியூவ விட்டு வெளிய வா."

"என்னாது?"

"நீ மஞ்சள் நூல் வாங்குன அந்தக் கடை எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்? நாலு உருண்டை. இல்ல, ஆறு வாங்கு. திரும்பிப் போ, ஜோஆன், கடை சாத்திடப் போறான், ஓடு!"