பீரோவுக்குள் இருந்த காது

என் கணவர் செல்வம் லாரி ஓட்டுகிறவர். வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். அவர் வீடியோ காலில் வந்தால் எங்கள் மகள் பவி கைகொட்டிச் சிரிப்பாள். சிக்னல் சரியில்லாமல் வெறும் குரல் மட்டும் வந்தால் போனைத் தள்ளிவிடுவாள். அப்பா மேல் கோபம் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சமாதானமாகிவிட்டேன். ஒன்றரை வயதுப் பிள்ளைக்குக் கோபமாம்! எனக்கெல்லாம் புத்தி எங்கே போயிருந்ததோ.

ஒருநாள் மீன்காரர் வண்டி அவள் முதுகுக்குப் பின்னாலேயே வந்து ஹாரன் அடித்தது. நான் திடுக்கிட்டேன். அவள் திரும்பவே இல்லை. மறுநாளே எங்கள் ஊர் கடப்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம்.

பெரா பரிசோதனை (பிள்ளையைத் தூங்கவைத்து, தலையில் ஒயர் ஒட்டி, சத்தத்துக்கு நரம்பு பதில் சொல்கிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். "ரெண்டு காதுலயும் கேக்குற சக்தி ரொம்பக் குறைவு. ஆனா மிஷின் போட்டா கேக்கும். தூங்குற நேரம், குளிக்கிற நேரம் தவிர எப்பவும் காதுல இருக்கணும்" என்றார் டாக்டர். நன்றாகத் தலையாட்டிவிட்டு, மிஷினையும் வாங்கிக்கொண்டு வந்தோம்.

எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியிலிருந்து கேஸ் அடுப்பு வரை எதுவும் தாங்காது. நல்ல பொருள் எதுவானாலும் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டுவோம். வெளியே கிளம்பும்போதுதான் எடுப்போம். பட்டுப்புடவையும் கல்யாண வாட்ச்சும் அப்படித்தான் இருந்தன. பவியின் காது மிஷினும் அங்கேயே போனது.

"வூட்டுலதானே கீறா? வெளிய போசொல்ல மாட்டிக்கலாம். உப்புக் காத்து பட்டா நாசமாப் பூடும்" என்றார் செல்வம். அவர்மேல் பழி போடமாட்டேன். பீரோ சாவி என் இடுப்பில்தான் இருந்தது.

மிஷின் இல்லாத பிள்ளையிடம் பேசி என்ன பிரயோஜனம் என்று பேச்சும் நின்றுபோனது. சாப்பிடக் கூப்பிடத் தோளில் ஒரு தட்டு. வேண்டாம் என்பதற்கு ஒரு கையசைப்பு. சைகையைக் குறை சொல்லவில்லை. சைகை மொழியை முறையாகக் கற்றுப் பிள்ளையோடு கதையே பேசுகிற பெற்றோர் உண்டு. நாங்கள் அதையும் செய்யவில்லை. தொந்தரவு தராத பிள்ளை என்று பெருமை வேறு பேசிக்கொண்டோம்.

ஒரு வருஷத்துக்கும் மேல் கழித்து மறுபரிசோதனைக்குப் போனபோது, கேட்பியல் நிபுணர் (கேட்கும் திறனைச் சோதித்து மிஷின் பொருத்துபவர்) காது அச்சை (பிள்ளையின் காதுக்கு அளவெடுத்துச் செய்யும் மெத்தென்ற பகுதி) பொருத்திப் பார்த்தார். அது நிற்காமல் கழன்று விழுந்தது.

"இது எப்ப எடுத்த அச்சும்மா?"

"மொதல்ல குடுத்ததுதான் மேடம்."

"குழந்தை காது வளரும். தினமும் போட்டிருந்தா அச்சு லூசாகி மிஷின் விசிலடிச்சிருக்கும், நீங்களே ஓடி வந்திருப்பீங்க. இது கொஞ்சம்கூடப் பழுப்பேறல, புதுசாவே இருக்கே?"

"பத்திரமா வெச்சினு கீறோம் மேடம்" என்றேன். அய்யோ, அதைப் பெருமையாகவே சொன்னேன்!

அவர் திட்டவில்லை. "மிஷின் கெட்டா வேற வாங்கிக்கலாம்மா. மூளை பேச்சைப் பிடிச்சுக்கிற வயசு போனா வராது" என்று மட்டும் சொன்னார். வெளியே வந்து வராண்டாவில் உட்கார்ந்து அழுதேன். பவி என் கண்ணைத் துடைத்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்க அவளிடம் ஒரு வார்த்தையும் இல்லை.

புது அச்சு வந்தது. முதலில் பிய்த்துப் பிய்த்து எறிந்தாள், நான் விடவில்லை. அரிசி களைந்தாலும் துணி உலர்த்தினாலும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே செய்தேன். செல்வம் வீட்டிலிருக்கும் நாளில் லாரி கழுவியபடியே, "இத்தப் பாரு, டயரு! டயரு சொல்லு!" என்று தெருவுக்கே பாடம் நடத்துவார். அவளுக்கு முதலில் தெளிவாக வந்த சொல்லும் அதுதான். ராத்திரியில் மிஷினை ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்கிறோம். உப்புக் காற்றுக்கு வைத்தியம் இவ்வளவுதான். யாரையாவது கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். நாங்கள் கேட்கவில்லை.

இப்போது பவிக்கு ஆறு வயது. மிஷினை விடாமல் போட்ட நாளிலிருந்துதான் அவள் காதுக்கு வயது என்கிறார் நிபுணர். அந்தக் கணக்கில் அவள் இன்னும் சின்னக் குழந்தை. பள்ளியில் மற்றவர்கள் கதை சொல்கிறார்கள். இவள் மூன்று நான்கு சொற்களைக் கோக்கிறாள். பேச்சு வரும், வந்துகொண்டும் இருக்கிறது. விட்ட தூரம் முழுவதையும் பிடிப்பாளா என்று யாரும் உறுதி சொல்லவில்லை.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டி, கண்ணு, ராசாத்தி என்று கொஞ்சிக்கொண்டிருந்தாள். பவி நெடுநேரம் நின்று கேட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"ம்மா, நான் பாப்பா. நீ இன்னா பேசின?"

கைக்குழந்தையில் நான் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை, மிஷின் வந்த பிறகு நான் பேசவில்லை. அவளைத் தூக்கி மடியில் கிடத்தினேன். குனிந்து, "என் கண்ணு, என் ராசாத்தி" என்று ஆரம்பித்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும்" என்றாள். மடி கொள்ளவில்லை, அவள் கால்கள் இரண்டும் தரையில் நீண்டு கிடந்தன.