மறுபடியும் மைக்கில் குமரகுருபரன்

நாங்குநேரிப் பக்கம் கபடிப் போட்டி என்றால், எந்தெந்த அணி வருகிறது என்று பிறகுதான் கேட்பார்கள். வர்ணனை குமரகுருபரனா என்பதுதான் முதல் கேள்வி. ரைடு போகிறவனின் பெயர், ஊர், போன வருடம் யாரிடம் மாட்டினான் என்பது வரை அவர் வாயிலிருந்து தடங்கலில்லாமல் கொட்டும். நான் அவர் பக்கத்தில் ஸ்கோர் போர்டு எழுதுகிறவன். அவர் பேச்சுக்கு முதல் ரசிகனும் நான்தான்!

அந்த மனிதருக்கு மனச்சோர்வு வந்தது. ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. முதலில் தூக்கம் போனது, பிறகு சிரிப்பு. நாங்கள் ஒரு மண்ணும் கவனிக்கவில்லை. களக்காட்டுப் போட்டியில்தான் வெட்டவெளிச்சமானது. நெல்லையப்பன் அண்ணாச்சி தன் தகப்பனார் நினைவாகக் கோப்பை கொடுத்திருந்தார். நம் ஆள் மைக்கில், "அமரர் நெல்லையப்பன் நினைவுச் சுழற்கோப்பை!" என்று முழங்கிவிட்டார். அமரர் மேடையில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். குமரகுருபரன் மட்டும் மைக்கை வைத்துவிட்டு இறங்கினார்.

"மூள மழுங்கிட்டு வே. இனி நான் மைக்கத் தொட மாட்டேன்."

அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அவர் மனைவி மதுமதி அவரைப் பாளையங்கோட்டையில் மனநல மருத்துவர் முஃபீதாவிடம் அழைத்துப் போனார். துணைக்கு நானும் போனேன்.

"ராத்திரி பூரா முழிச்சே கெடக்காவ டாக்டர். சொன்னது ஒண்ணும் மனசுல நிக்க மாட்டேங்கு," என்றார் மதுமதி.

"மூளையில பல பகுதிங்க ஓயாம ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிட்டே இருக்கும்," என்றார் மருத்துவர். "மனச்சோர்வும் தூக்கமின்மையும் சேர்ந்தா அந்தத் தொடர்பு தடுமாறலாம். கவனம், ஞாபகம் ரெண்டும் பிசகும். உங்க அறிவு எங்கயும் போயிரல. சிகிச்சை எடுத்தா பெரும்பாலும் தேறிரலாம்."

குமரகுருபரன் நிமிர்ந்தார். "அப்ப ஆம்ப்ளிஃபயர் புகையல, வயருதான் லூசா?"

"கிட்டத்தட்ட!"

எனக்கு அங்கேயே விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. மனிதர் வேடிக்கையாகப் பேசி எத்தனை நாளாயிற்று!

மாத்திரை கொடுத்தார்கள், தூக்கத்துக்கான பயிற்சியும் கொடுத்தார்கள். தூக்கம் வராவிட்டால் படுக்கையில் புரளாமல் எழுந்துவிட வேண்டும். பகலில் கண் அசரக் கூடாது. அதற்கு மதுமதி போலீஸ் மாதிரிக் காவல் இருந்தார். மாதங்கள் போகப் போகத் தூக்கம் வந்தது, பசி வந்தது. மைக் பக்கம் மட்டும் அவர் வரவில்லை.

இந்தப் பொங்கல் போட்டியில், புது வர்ணனையாளருக்கு இறுதி ஆட்டத்தில் தொண்டை கட்டிக்கொண்டது. ஆட்டம் பார்க்க வந்திருந்த கணவரை மதுமதி மைக் பக்கம் பிடித்துத் தள்ளினார்.

"போங்க. தப்பு வந்தா வந்துட்டுப் போகுது!"

அவர் மைக்கைப் பிடித்தார். ராதாபுரத்துக்கு ஒரு புள்ளி குறைவு. கடைசி ரைடு.

"வாராம்லே ராதாபுரத்துப் புயல்..."

நின்றுவிட்டார். ஆட்டக்காரன் நடுக்கோட்டைத் தாண்டிவிட்டான், பெயர் வரவில்லை. மைக்கைப் போட்டுவிட்டு ஓடப்போகிறார் என்றே நினைத்தேன்.

"மக்களே, பேரு மறந்துட்டு! சத்தமாச் சொல்லுங்க!"

"அம்மார்!" என்று மைதானமே அலறியது.

"அம்மாரேதான்! தொட்டுட்டான், ரெண்டு பேரத் தொட்டுட்டான், காலப் பிடிக்கான், விடல, பாயுதான், கோட்டத் தொட்டுட்டான்லே!"

பட்டாசு வெடித்தது. அதையும் மீறி மைக்கில் அவர் குரல் என்னைத் தேடி வந்தது.

"என்னவே அழுதுக்கிட்டு நிக்கீரு? ஸ்கோர எழுதும்!"