நெட்டுக்குப்பம் வழியாக ஆம்ஸ்டர்டாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நெட்டுக்குப்பம் கரையில் கூடியிருந்த ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாம்மா, படிச்சவங்களா கீற... நீயும் கஞ்சா புடிச்சியா?"

ஐம்பதைத் தாண்டியவள் நான். திருவொற்றியூரில் என்னைத் தெரியாத காய்கறிக்காரர் கிடையாது. என் வாழ்நாளில் புகை என்று ஒன்றை நான் இழுத்ததெல்லாம் ஈர விறகு காலத்தில்தான். பக்கத்திலேயே என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் யூனியன் மீட்டிங் என்றால் மேஜை உடைய உடையத் தட்டிப் பேசிய மனுஷன். காப்பாற்றுவார் என்று திரும்பினால், வானத்தில் காக்காய் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

எப்படி இந்த நிலைமைக்கு வந்தேன்? எல்லாம் செல்வத்தால்.

செல்வம் என்றால் வசந்தியின் புருஷன். வசந்தி என்றால், வருஷக்கணக்காக எங்கள் வீட்டுக்கு மீனும் இறாலும் கொண்டுவருகிறவள். சொந்த ஊர் நெட்டுக்குப்பம். செல்வத்துக்கும் அதே ஊர்தான். ஆனால் அவர் வாழ்வது சரக்குக் கப்பலில். வருஷத்தில் பாதிக்கு மேல் எங்கோ ஒரு கடலில் இருப்பார். அவர்கள் வீட்டில் போன் கிடையாது என்பதால் கப்பல் ஏஜெண்டுக்கு எங்கள் வீட்டு நம்பரைத்தான் பி.பி. நம்பராகக் கொடுத்திருக்கிறார். ஏஜெண்ட் கூப்பிடுவார், நான் வசந்தியிடம் சொல்வேன், செல்வம் பெட்டி கட்டுவார். அந்தக் குடும்பத்தைப் பிரித்துப் பிரித்து வைக்கும் புண்ணியத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு.

இந்த முறை லீவில் வந்தவர் எங்களைப் பார்க்க வந்தார். கையில் சாக்லேட், வாயில் ஆம்ஸ்டர்டாம்.

"ஊரு பூரா கால்வாய்க்கா. நம்ம பக்கிங்காம் கால்வாய் மாதிரியேதான். ஆனா கலீஜா இல்ல. படகுல சோபா போட்டு வெச்சிக்கிறான். டிக்கெட்டு வாங்கி ஏறிக் குந்துனா, ஒண்ற மணி நேரம் அப்பிடியே மெதுவா சுத்திக் காட்றான். வேணுங்கறவன் கஞ்சா கூட புடிக்கலாம். ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான்."

"போலீஸ்?" என்றார் என்னவர்.

"பாலத்து மேல நின்னுகினு டாட்டா காட்றான் சார்."

"நீ புடிச்சியா?"

கதவோரம் நின்றிருந்த வசந்தி கூடையைக் கீழே வைத்தாள். செல்வம் அவள் பக்கம் திரும்பியே பதில் சொன்னார்.

"சத்தியமா இல்ல சார். பக்கத்துல ஒரு கெயவன், கெயவி. அவங்க வுட்டாங்க. நான் சும்மா மூச்சு வாங்கினேன். மூச்சு வாங்காம இருக்க முடியுமா? ஒரு பாலம் வந்துச்சி. அத்தப் பாத்து சிரிப்பு வந்துடுச்சி. சும்மா பாலம்தான் சார். அடக்க முடியல. சிரிச்சி முடிச்சதும் வூட்டு நெனப்பு வந்து அழுதுட்டேன். அந்தக் கெயவி கர்ச்சீப் குடுத்துச்சி."

"அழறதுக்கு அம்மாந்தூரம் போயி டிக்கெட்டு வாங்கினியா?" என்றாள் வசந்தி.

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் மறுநாள் எங்கள் பின்கட்டில் இறால் உரிக்கும்போது அவள் சிரிக்கவில்லை. "அக்கா, இன்னொரு தபா இந்தாளு கப்பல் ஏறுனா, நான் எங்கண்ணன் வூட்டுக்குப் பூடுவேன். லெட்டர்லயே குடும்பம் நடத்தி நடத்தி சலிச்சிப் போச்சி. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றாள்.

சொன்னது செல்வத்துக்கு உறைத்திருக்கிறது. ஆனால் கரையில் என்ன வேலை செய்வது? யோசித்தார், யோசித்தார்... கடைசியில் அந்தச் சோபாப் படகில் போய் நின்றது யோசனை. நெட்டுக்குப்பத்திலிருந்து ஒரு சுற்றுலாப் படகு. கால்வாய், எண்ணூர் ஓடை, முகத்துவாரம், திரும்ப வீடு. அங்கே இருக்கிற எல்லாம் இங்கேயும் உண்டு, கஞ்சாவைத் தவிர. முதல் வெள்ளோட்டத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் வரவேண்டும், பிடித்திருந்தால் நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பத்தியில் எழுதவேண்டும்.

"நல்லா வந்துச்சின்னா கப்பலுக்குக் கும்புடு போட்டுடுவேன்க்கா" என்றார். அன்றைக்கு வசந்தி எனக்குப் பெரிய இறாலாகப் பொறுக்கிப் போட்டாள்.

ஒரு விஷயத்தில் மட்டும் செல்வம் கோட்டை விட்டார். ஆம்ஸ்டர்டாம் கதையை எங்களிடம் மட்டுமா சொன்னார்? டீக்கடையில், சலூனில், வலை பின்னும் இடத்தில் என்று ஒரு இடம் பாக்கியில்லை. கதை கத்திவாக்கத்தைத் தாண்டுவதற்குள் ஆம்ஸ்டர்டாம் உதிர்ந்துவிட்டது. கஞ்சாவும் படகும் மட்டும் நின்றன. நாங்கள் கரைக்குப் போய் இறங்கிய ஆட்டோவின் டிரைவரே மெல்லக் கேட்டார்: "சார், அந்த கஞ்சா போட்டு டிக்கெட்டு எங்க தராங்கோ?"

வாடகை ஃபைபர் படகு. நடுவில் செல்வம் வீட்டு சோபாவின் மெத்தைகள். மேலே கல்யாண வீட்டு ஷாமியானாத் துணி. பார்க்க அழகாகத்தான் இருந்தது. கிளம்பியதும்தான் மூக்கு விழித்துக்கொண்டது. பக்கிங்காம் கால்வாயின் மணத்தை வர்ணிக்க வேண்டாம், நீங்கள் இதைச் சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம். வசந்தி அதற்கும் தயாராக வந்திருந்தாள். தூபக்கால், கங்கு, கை நிறைய சாம்பிராணி. அள்ளிப் போட்டாள் பாருங்கள்... படகு முழுக்க வெள்ளைப் புகை.

கண் எரிந்தது. எரிச்சலில் பாதி மூடினேன். என்னவர் ஏற்கெனவே தண்ணீருக்குப் பயந்து கண்ணை முழுசாக மூடியிருந்தார். ஆக, கரையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது என்ன? புகை மண்டும் ஒரு படகு, மெத்தையில் சாய்ந்தபடி கண் சொருகிய இரண்டு பெரிய மனிதர்கள்.

செல்வம் என்ஜின் பக்கத்தில் நின்று கைடு வேலை பார்த்தார். "லெஃப்ட்ல பாருங்க, அனல்மின் நிலையம். புகை ஃப்ரீ. ரைட்ல ரெயில்வே பாலம்."

"யார் கட்டினது?"

"தெர்லக்கா. அந்த ஊர்ல சொன்னாங்க, கேட்டுகினேன். இந்த ஊர்ல யாரும் சொல்லல."

கால்வாய் ஓடையில் கலந்தது. காற்று வந்ததும் நாற்றம் போயிற்று. சத்தியமாகச் சொல்கிறேன், சுகமாக இருந்தது. தண்ணீர் அகலமாக விரிந்து கிடந்தது. ஒற்றைக் காலில் கொக்குகள். தூரத்தில் துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக நின்றன. என்னவரே ஒரு கண்ணைத் திறந்தார். வசந்தி பிளாஸ்கிலிருந்து சுக்கு காப்பி ஊற்றித் தந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவளும் செல்வமும் சேர்ந்து படகில் வருவது இதுதான் முதல் தடவையாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, செய்யவே செய்யாத ஒரு காரியத்தைச் செய்தேன். "நிச்சயம் எழுதறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

எதிரே இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு ஆள் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க மச்சான் டில்லி" என்று செல்வம் பூரித்துப்போய்த் திருப்பிக் கையாட்டினார். டில்லி, வசந்தியின் அண்ணன். அவர் இரண்டு கையையும் ஆட்டினார். செல்வமும் ஆட்டினார். நானும் ஆட்டினேன். வசந்தி மட்டும் எங்கள் பக்கம் திரும்பி உட்கார்ந்து தூபக்காலை ஊதிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அவள் நிமிர்ந்து திரும்பவும், என்ஜின் விக்கி விக்கி நிற்கவும் சரியாக இருந்தது. என்ஜின் விசிறியில் ஒரு வலை சுருண்டு, கிழிந்து, கூடவே நட்டுவைத்த கழிகளும் சாய்ந்து வந்துவிட்டன.

அந்த ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. ஓடையில் இறால் நன்றாக விழும் இடங்கள் கொஞ்சம்தான். அங்கே ஆளாளுக்கு வலை கட்டினால் வெட்டு குத்தாகிவிடும். அதனால் கல்யாணமான ஒவ்வொரு ஆம்பளைக்கும் முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பெயர் பாடு. இன்றைக்கு இவர் பாடு என்றால், தண்ணீர் வடியத் தொடங்கும் நேரத்தில் இவர் வலைதான் அங்கே நிற்கும். வேறு யாரும் கிட்டே போக மாட்டார்கள். ஒருவர் பாடு நாளில் அவர் வலையை அறுப்பது என்பது, பந்தியில் உட்கார்ந்தவன் இலையைப் பிடுங்குகிற மாதிரி. மன்னிப்பே கிடையாது.

கரைக்கு வந்தபோது ஊரே நின்றது. பஞ்சாயத்துக்குத் தலைவர் தேசப்பன், நான் ஆரம்பத்தில் சொன்ன பெரியவர். முதல் விசாரணை கஞ்சா. தூபக்காலைக் கொண்டுவந்து அவர் மூக்கருகே காட்டினாள் வசந்தி. முகர்ந்து பார்த்தார். பக்கத்தில் இருந்தவரும் முகர்ந்தார். "சாம்பிராணிதான்" என்று தீர்ப்பானதும், கூட்டத்தில் பாதிப் பேர் ஏமாந்து கலைந்துபோனார்கள்.

அடுத்தது வலை.

"யாரு பாடுன்னு கூடவா பாக்காம வண்டி வுடுவ?" என்றார் தேசப்பன்.

"மச்சானுதுதான? நான் பேசிக்கிறேன் நைனா. புது வலை வாங்கிக் குடுத்துடறேன்" என்றார் செல்வம்.

டில்லி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்துன்னு யார் சொன்னது? இன்னிக்கு உன் பாடு மாப்ள. அது உன் வலை."

செல்வம் குனிந்து வலையைப் புரட்டிப் பார்த்தார்.

விஷயம் இதுதான். செல்வம் கப்பலில் போனாலும் ஊர் அவர் பெயரை எடுக்கவில்லை. முறை தவறாமல் வந்தது. அவருக்குப் பதிலாக டில்லி தண்ணீரில் நின்றார். விழுந்த இறால் வசந்தி கூடைக்குப் போனது. அதில் ஒரு பங்குதான் என் வீட்டுக்கும் வந்தது. வீட்டில் வலை என்று ஒன்று இருப்பது செல்வத்துக்குத் தெரியும். எந்த நாள் தன் நாள் என்பதுதான் தெரியாது.

"தெரிஞ்சிதான் இன்னிக்கு கெளம்பறன்னு நெனச்சேன்" என்றாள் வசந்தி. "அக்காவுக்கு நம்ம பாடு எடத்த காட்டத்தான் இட்டுகினு போறன்னு நெனச்சி, ஆசையா வந்தேன். ஊரான் வூட்டுக் கால்வாய்க்கு டிக்கெட்டு வாங்கி சுத்திப் பாத்தியே... இங்க உன் பேர்ல ஒரு தண்ணி கீது. அத்த ஒரு தபா வந்து பாத்தியா நீ?"

எனக்கே என்னவோ போலாகிவிட்டது. நான் மட்டும் என்ன ஒழுங்கு? இத்தனை வருஷமாக அவளிடம் இறால் வாங்குகிறேன். தொக்குப் பண்ணலாமா, தேங்காய்ப்பால் விடலாமா என்று கேட்டிருக்கிறேனே தவிர, யார் எந்தத் தண்ணீரில் நின்று பிடித்தது என்று ஒருநாள் கேட்டதில்லை.

தேசப்பனுக்குத்தான் பாவம், பேஜாராகிவிட்டது. "அறுத்தவனும் இவன், அறுபட்டவனும் இவன். யாருக்கு யாரு அபராதம் கட்றது?" என்று தலையைச் சொறிந்தார். கொஞ்ச நேரம் தமக்குள் பேசிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்கள். வலையைச் செல்வமே உட்கார்ந்து பின்ன வேண்டும். அடுத்த பாடு வரும்போது செல்வமே தண்ணீரில் இறங்க வேண்டும். டில்லி கரையில் உட்கார்ந்து டீ குடிப்பார். "நீ எறங்கலன்னா பேர எடுத்துடுவோம். அப்பால எங்களக் கேக்காத" என்றார் தேசப்பன்.

சரியான தீர்ப்பு என்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன். நாலைந்து நாள் கழித்துப் போன் அடித்தது. கப்பல் ஏஜெண்ட். "மேடம், செல்வத்தை வர்ற வெள்ளிக்கிழமை மும்பையில் வந்து ரிப்போர்ட் பண்ணச் சொல்லுங்க."

காலையில் வசந்தி வந்ததும் சொன்னேன். அவள் விரல்விட்டு எண்ணினாள். முகம் வெளுத்துவிட்டது.

"அன்னிக்குத்தான்க்கா அவரு பாடு."

கப்பலா, பாடா? கப்பல் என்றால் கை நிறையச் சம்பளம். பாடு என்றால் மாதத்தில் சில நாள், விழுந்தால் இறால், விழாவிட்டால் வெறுங்கூடை. மற்ற நாளெல்லாம் அடுத்தவர் படகில் கூலி. புத்தியுள்ள எவனும் என்ன செய்வான் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "என்னடி சொல்லட்டும் ஏஜெண்டுக்கு?" என்றேன்.

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க. அவரே வந்து அவரு வாயால சொல்லட்டும்."

சாயங்காலம் இரண்டு பேரும் வந்தார்கள். செல்வத்தின் விரல்களில் வலை பின்னிய காயம், பிளாஸ்டர் சுற்றியிருந்தது. போனை எடுத்து நம்பரைச் சுழற்றினார். வசந்தி அன்றைக்குப் போலவே கதவோரம் நின்றாள். என்னவர் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். கிரிக்கெட்டுக்கே குறைக்காதவர்.

"சார், செல்வம் பேசறேன். வெள்ளிக்கெயம வர முடியாது சார்... இல்ல சார், ஒடம்பு நல்லாத்தான் கீது... விசேஷமா? அதெல்லாம் இல்ல. அன்னிக்கு என் பாடு சார்... பாடு. அத்த எப்பிடி சார் சொல்றது... நான் இல்லன்னா ஆவாது. அவ்ளோதான்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். செல்வம் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார். "வசந்தி... இத்து முடிஞ்சதும் வர முடியுமான்னு கேக்கறாரு. அத்துக்கு அடுத்தது எப்போ வருது?"

இன்னமும் தெரியவில்லை மனுஷனுக்கு! வசந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள்.

"அது வந்துகினே இருக்கும்னு சொல்லு."

இப்போதெல்லாம் எங்கள் போனுக்குக் கப்பல் கால் வருவதில்லை. இறால் மட்டும் தவறாமல் வருகிறது... விலையில் ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்கிறாள்!