அவள் முடிந்து வைத்த காசு

எங்கள் பக்கத்தில் வீட்டில் யாருக்காவது உடம்புக்கு ஆகவில்லை என்றால், பெண்கள் ஒரு துண்டுத் துணியைக் கிழித்து மஞ்சளில் நனைப்பார்கள். அதில் ஒரு காசை வைத்து, சாமியிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு, முடிந்து, படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார்கள். கேட்டது நடந்த பிறகு கோயிலில் போய்த்தான் முடிச்சை அவிழ்க்க வேண்டும். என் மனைவி, என்ன கேட்டோம் என்பதை அதுவரை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பாள். சொல்லாமலே போய்விட்டாள்.

காய்ச்சல் என்று அவள் படுத்த வாரத்தில்தான் அந்த முடிச்சை நான் முதலில் பார்த்தேன். வண்ணார்பேட்டை வீட்டின் பூசை அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது. தனக்காக நேர்ந்திருக்கிறாள், பிழைத்துவிடுவாள் என்று அன்றைக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது! அடுத்த வாரம் அவளை ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம்.

காரியத்தன்று மொட்டை போடச் சொன்னார்கள். மாட்டவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். இவ்வளவையும் பிடுங்கிக்கொண்டவனுக்குத் தலைமுடி வேறு கேட்கிறதா என்று இருந்தது. பெரியவர்கள் மீசையை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு விட்டுவிட்டார்கள். படித்துறையில் தாமிரபரணி அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் மேலும் எனக்குக் கோபம்தான்.

மகள் அப்போதுதான் கோவையாகப் பேசத் தொடங்கியிருந்தாள். நான் கங்கைகொண்டான் கம்பெனியில் ஷிப்டுக்குப் போகிற நேரமெல்லாம் மதினி பார்த்துக்கொள்வாள். மதினி என்றால் என் மனைவியின் அக்கா, அடுத்த தெருவில் இருக்கிறாள். மற்ற நேரம் நானும் மகளும்தான். கவுனில் பிய்ந்த பட்டனைத் தைக்கக்கூட எனக்கு வராது. அம்மா தைக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை, "அப்படி இல்லப்பா, அம்மா இங்கன குத்துவா" என்று விரல் வைத்துக் காட்டும். அம்மா வேண்டும் என்று தேம்பித் தேம்பி அழுவாள். அழுது முடித்த கையோடு "எப்பா, பசிக்கி" என்பாள். தோசையைத் தொடாமல் நான் உட்கார்ந்திருக்க, அவள் தன் தட்டைக் காலி செய்துவிட்டு என் தட்டைப் பார்ப்பாள். இத்துனூண்டு உடம்புக்குள் இவ்வளவு உயிர் எங்கிருந்து வருகிறது என்று மலைத்துப்போவேன். சாமி இல்லை என்று திடமாகச் சொல்ல விடாமல் செய்தது அந்தப் பசிதான்.

ஒரு வருஷத்துக்குக் கோயில் குளம் கிடையாது. தலைத்திவசம் முடிந்ததும் மதினி வந்தாள்.

"தம்பி, அவ முடிஞ்சு வச்சது அங்கனயே கெடக்கு. என்ன நேந்தாளோ தெரியல. திருச்செந்தூருக்குக் கொண்டுபோய்ச் செலுத்திட்டு வந்திருவோம்."

"கேட்டதக் குடுக்காதவனுக்கு என்ன மதினி காணிக்க? வேணும்னா வாறேன். அவன் மூஞ்சிக்கு நேரா விட்டெறிஞ்சிட்டு வாறேன்."

"எறிங்க. ஆனா நேர்ல வந்து எறிங்க."

காலை ரயிலில் போனோம். வழி நெடுக ஆறு கூடவே வந்தது, அதைக் குடித்து வளர்ந்த வாழைத் தோட்டங்களும் வந்தன. மகள் ஒவ்வொரு வாழைக்கும் டாட்டா காட்டினாள். நான் சட்டைப் பையில் முடிச்சை அமுக்கிப் பிடித்தபடி, என்னென்ன கேட்க வேண்டும் என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன்.

கோயிலுக்கு முன்னால் கடலில் கால் நனைத்து நின்று முடிச்சை அவிழ்த்தேன். இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தேன். காசு உள்ளங்கையில் விழுந்தது. விட்டெறியக் கையை ஓங்கியவன், துணியைப் பார்த்துவிட்டு நின்றேன்.

வெளியேதான் மஞ்சள். மடிப்புக்குள் சாயம் ஏறாமல் நீலக் கட்டம் தெரிந்தது. ஓரத்தில் ஒரு பட்டன் ஓட்டை. என் சட்டைக் கை. அவள் போவதற்கு முந்தின வருஷம், ஷிப்ட் முடிந்து வரும்போது நாலுவழிச் சாலையில் பைக்கோடு விழுந்து மண்டை உடைந்து நினைவில்லாமல் கிடந்தேனே, அன்றைக்குப் போட்டிருந்த சட்டை. ஆஸ்பத்திரியில் கத்தரித்துத்தான் கழற்றினார்கள்.

மதினி துணியை வாங்கிப் பார்த்தாள். "நர்ஸம்மா இதப் பையில போட்டுக் குடுத்துச்சு. ரத்தமாக் கெடக்கு, தூரப் போடுட்டின்னேன். மாட்டேன்னுட்டா."

அவள் தனக்காக எதுவுமே கேட்டிருக்கவில்லை. என்னைக் கேட்டிருக்கிறாள். கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த அந்தப் பொருள்தான், இத்தனை நாளாகச் சாமியைத் திட்டிக்கொண்டு, இப்போது கடலில் வேட்டி நனைய நிற்கிறது. நான் மூச்சு விடுவதே எனக்குக் கேட்டது. யாரோ கெஞ்சி வாங்கி வைத்த மூச்சு! சத்தியமாக, அந்தக் கடலைவிடப் பெரிதாக ஏதோ என் முன்னால் நின்றது.

அடுத்த நொடியே மதினி பக்கம் திரும்பினேன். "ஒருநா திருச்செந்தூர் போயிட்டு வருவோம்னு சொல்லிக்கிட்டே இருந்தா மதினி. ஷிப்டு, பிள்ளைக்குச் சளின்னு தள்ளிப் போச்சு. அதுக்குத்தான் அவளை..."

"வாயக் கழுவுங்க!" என்று மதினி சீறினாள். "முருகன் என்ன கந்துவட்டிக்காரனா, தவண தப்புனா ஆளத் தூக்கிட்டுப் போக? அவ கேட்டா, அவன் குடுத்தான். அம்புட்டுத்தான். அவ போனது ஏன்னு எனக்கும் தெரியல. அதை நானும் தெனமும் கேக்கத்தான் செய்யுதேன்."

தங்கையைத் தூக்கிக் கொடுத்தவள் அப்படிச் சொன்னாள். அதற்கு மேல் எனக்குச் சண்டை போட ஆள் இல்லை.

என்ன நேர்ந்தாள் என்பது இனித் தெரியப் போவதில்லை. என்னிடம் கொடுக்க இருந்தது தலைமுடிதான். முடியிறக்கும் மண்டபத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நாவிதர் தண்ணீரைத் தெளித்துத் தேய்த்துக்கொண்டே, "யாருக்கு வேண்டுதல், அண்ணாச்சி?" என்றார்.

"எனக்குத்தான்" என்றேன்.

காசை உண்டியலில் போட்டேன். துணியைப் போட மனசில்லாமல் பையில் வைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் மகளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தேன். மொட்டையில் தாளம் போட்டுச் சிரித்தவள், திடீரென்று சிரிப்பை நிறுத்தினாள். காதுக்கு மேலே, இவ்வளவு நாளும் முடி மூடியிருந்த தையல் வடுவை விரலால் பைய தடவிக்கொண்டே போனாள்.

"எப்பா, இது யாரு தச்சா?"

"உங்கம்மா" என்றேன்.